அண்ணன் பழக்கிக் கொடுத்த சட்டை

புக்கர் டி. வாஷிங்டன் பெரிய கல்வியாளர் என்பது பள்ளி நாளிலேயே தெரியும். அவருக்கு ஜான் என்றோர் அண்ணன் இருந்ததைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் படித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

1856இல் அமெரிக்காவின் வெர்ஜினியாவில், ஒரு புகையிலைத் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர் புக்கர். தாய் ஜேன் அங்கே சமையற்காரி. தந்தை யாரென்றே புக்கருக்குத் தெரியாது. 1861இல் முதலாளி இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் அவரும் ஓர் உருப்படி. மதிப்பு 400 டாலர். அடிமைப் பிள்ளைகளுக்கு முரட்டு நாரில் நெய்த சட்டைதான். புதிதாக இருக்கும்போது உடம்பெல்லாம் முள்ளாய்க் குத்தும். ஜான் அதைப் பல நாள் தான் போட்டுப் பழக்கி, பிறகு தம்பிக்குக் கொடுத்தார்.

1865இல் விடுதலை. குடும்பம் மேற்கு வெர்ஜினியாவின் மால்டனுக்குப் போனது. மாற்றாந்தந்தைக்கு உப்புக் காய்ச்சும் ஆலையில் வேலை. அவருடைய பீப்பாய்களில் போட்ட 18 என்ற எண்தான் புக்கர் கற்ற முதல் பாடம். எழுதப் படிக்கத் தெரியாத தாய், எப்படியோ ஓர் எழுத்துக்கூட்டும் புத்தகம் தேடிக் கொடுத்தார். விடியற்காலையில் ஆலை, ஒன்பது மணிக்குப் பள்ளி, பிறகு மறுபடியும் ஆலை. அதன்பின் நிலக்கரிச் சுரங்கம்.

1872இல் ஹாம்ப்டன் கல்விக்கழகத்துக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 500 மைல். நடந்தும், வண்டிகளில் தொற்றியும், ரிச்மண்ட் நகரில் பலகை நடைபாதைக்கு அடியில் படுத்தும், கையில் 50 காசோடு போய்ச் சேர்ந்தார். ஓர் அறையைக் கூட்டச் சொன்னார்கள். மூன்று முறை கூட்டி, நான்கு முறை துடைத்தார். அதுவே நுழைவுத் தேர்வு!

ஜான் சுரங்கத்திலேயே இருந்தார். சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்கு, மிஞ்சியது தம்பிக்கு. 1874இல் தாய் இறந்தார். 1875இல் பட்டம் பெற்றுத் திரும்பிய புக்கர், மால்டனில் ஆசிரியரானார். சம்பாதித்து அண்ணனை ஹாம்ப்டனுக்கு அனுப்பினார். பிறகு இருவருமாகச் சேர்ந்து, வளர்ப்புத் தம்பி ஜேம்ஸையும் அனுப்பினார்கள்.

1881இல் 30 மாணவர்களோடு டஸ்கிகீ கல்லூரியைத் தொடங்கியதும், 1915இல் அவர் மறைந்தபோது அங்கே ஏறக்குறைய 1,500 பேர் படித்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. இனப்பிரிவினையை அவர் பொறுத்துப் போனார் என்று டு பாய்ஸ் சாடியது நியாயமென்றே நானும் நினைக்கிறேன். ஆனால் என்னைத் தூங்கவிடாதது ஜானின் கதை.

என் அண்ணன் படிவம் மூன்றோடு நின்று தொழிற்சாலைக்குப் போனவர். என் முதலாண்டு விடுதிக் கட்டணம் அவருடைய ஓவர்டைம் பணம். போன விடுமுறையில், எஸ்.பி.எம். தேர்வைத் தனியாக எழுதுவதற்கான பாரத்தை அவரிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்தார். இன்னும் நிரப்பவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்குப் போகிறேன், பேனாவோடு.