சேர். பொன். இராமநாதன்: ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்ட பிரதிநிதி

அறிமுகம்

இலங்கை பிரித்தானியரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில் தேசாதிபதியை நியமிக்கவோ நீக்கவோ மக்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. பெரும்பாலானோருக்கு வாக்குரிமையும் இருக்கவில்லை. அத்தகைய காலத்தில் அதிகாரத் துஷ்பிரயோகத்தைச் சட்டநிரூபண சபையிலே எடுத்துக்காட்டி, ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்டவர் சேர். பொன். இராமநாதன் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியாரின் மகனாக இராமநாதன் 1851 ஏப்ரல் 16 இல் கொழும்பிலே பிறந்தார். சேர். பொன். அருணாசலம் இவருடைய தம்பியாவார். பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கல்வி கற்றார். பின்னர் சட்டம் பயின்று அத்துவக்காத்து ஆனார்.

அரசியற் பிரவேசம்

தாய்மாமனாகிய சேர். முத்துக்குமாரசுவாமி 1879 இல் காலமானபின், அவருடைய இடத்துக்குத் தமிழர் பிரதிநிதியாக இராமநாதன் நியமிக்கப்பட்டார். சபையில் அவர் தமிழருக்காக மட்டும் பேசவில்லை. பௌத்தரின் வெசாக் தினம் 1885 இல் பொது விடுமுறையாவதற்கும் துணைநின்றார். 1892 இல் மன்றாடியார் நாயகமாகப் பதவியேற்று, ஓய்வு பெறும்வரை அப்பதவியை வகித்தார்.

1910 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கற்ற இலங்கையருக்கென ஓர் ஆசனத்தை வழங்கியது. கல்வித் தகைமையும் வசதியும் கொண்ட சுமார் 3000 பேரே அதற்கு வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தனர். 1911 இல் நடைபெற்ற தேர்தலில் இராமநாதன் வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். சிங்கள வாக்காளர் பலரும் அவருக்கு வாக்களித்தமை குறிப்பிடத்தக்கது.

1915 ஆம் ஆண்டுக் கலவரமும் இராணுவச் சட்டமும்

பள்ளிவாசலைக் கடந்து வெசாக் ஊர்வலம் இசையுடன் செல்வது பற்றி எழுந்த பிணக்கு, 1915 மே மாத இறுதியில் கண்டியிலே கலவரமாக வெடித்துப் பிற இடங்களுக்கும் பரவியது. முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டனர். அவர்களுடைய பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன.

அவ்வேளை முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இக்கலவரம் ஆட்சிக்கு எதிரான சதியாக இருக்கலாம் என அரசாங்கம் சந்தேகித்தது. தேசாதிபதி சேர் ரொபேட் சால்மர்ஸ் யூன் 2 இல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கலவரம் சில நாட்களில் அடங்கிவிட்டபோதும் அச்சட்டம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்தது. இக்காலத்தில் நடந்தவை வருமாறு:

• விசாரணையின்றிச் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டனர்.
• மதுவொழிப்பு இயக்கத் தலைவர்களான எப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க முதலியோர் சிறையிடப்பட்டனர்.
• ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞருக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. யூலை 7 இல் அது நிறைவேற்றப்பட்டது.
• அநகாரிக தர்மபாலவின் சகோதரரான எட்மன்ட் ஹேவாவிதாரண ஆயுட்தண்டனை பெற்று, அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாணச் சிறையிலே நோயுற்று இறந்தார்.
• கலவர நட்டஈடு என்ற பெயரில் குற்றஞ் செய்யாத சிங்கள மக்களிடமிருந்தும் பணம் அறவிடப்பட்டது.
• அதிகாரிகள்மீது வழக்குத் தொடர முடியாதவாறு அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டது.

தவறு செய்தவர்களுக்குச் சட்டமே கவசமாகிவிட்டது. எனவே நீதிமன்றத்திலே கேட்க முடியாத கேள்விகளைச் சபையிலேதான் கேட்க வேண்டியிருந்தது.

இராமநாதனின் எதிர்ப்பு

இராமநாதனுக்கு அப்போது வயது 64. ஆட்சிக்கு எதிராகப் பேசுவோர் துரோகிகள் எனக் கருதப்பட்ட வேளையிலும் அவர் அஞ்சவில்லை. வெறும் ஆவேசப் பேச்சையும் அவர் நம்பவில்லை. சட்டத்தரணிக்குரிய முறையில் ஊர், சம்பவம், சாட்சியம் ஆகியவற்றைத் திரட்டிச் சபையில் நீண்ட உரைகளை நிகழ்த்தினார். அமைதி திரும்பியபின்னும் இராணுவச் சட்டம் நீடித்தது ஏன், அதிகாரிகள் யாருக்குப் பொறுப்புக் கூறுவர் என்பனவே அவர் எழுப்பிய முக்கிய வினாக்களாகும். போர் அபாயம் நிறைந்த கடலைத் தாண்டி இலண்டன் சென்று, நீதி விசாரணை வேண்டும் என்று வலியுறுத்தினார். அவருடைய உரைகள் 1916 இல் இலண்டனில் நூலாகவும் வெளிவந்தன. ஈ. டபிள்யூ. பெரேராவும் இலண்டனில் இதற்காகப் பாடுபட்டார்.

விளைவு

சால்மர்ஸ் 1915 இறுதியில் திருப்பி அழைக்கப்பட்டார். 1916 இல் பதவியேற்ற தேசாதிபதி சேர் ஜோன் அன்டர்சன் சில கொலைகள் பற்றி விசாரிக்கச் செய்து, அவற்றைச் செய்தோரின் நடத்தையைக் கண்டித்தார். ஆயினும் இலங்கையர் கேட்ட முழுமையான அரச ஆணைக்குழு விசாரணை கிடைக்கவில்லை. நாடு திரும்பிய இராமநாதனை வண்டியில் இருத்தி, குதிரைகளுக்குப் பதிலாகச் சிங்களத் தலைவர்களே கொழும்பு வீதிகளில் இழுத்துச் சென்றனர்.

கல்விப் பணி

குடாநாட்டின் பெண் கல்விக்காக 1913 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியையும், ஆண்களின் கல்விக்காக 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதுவேயாகும்.

மதிப்பீடு

இராமநாதனிடம் குறைகளும் இருந்தன. 1915 இல் அவர் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியபோது, கலவரத்தால் பாதிக்கப்பட்ட தமது துயரம் போதிய இடம் பெறவில்லை என முஸ்லிம்கள் வருந்தினர். டொனமூர் குழு 1928 இல் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது அவர் அதனை எதிர்த்தார். மக்களுக்காகக் கேள்வி கேட்டவர், அம்மக்கள் அனைவரும் வாக்குச் சீட்டின் மூலம் கேள்வி கேட்பதை ஏற்கவில்லை. அவர் 1930 இல் காலமானார். அடுத்த ஆண்டிலே அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது.

எனினும் 1915 இல் அவர் காட்டிய வழி இன்றும் பயனுடையது. அநீதிக்கு உள்ளானவர் எவ்வினத்தவர் என்று பாராமல் பேசுதல், ஆதாரத்துடன் பேசுதல், உள்ளூரில் நீதி மறுக்கப்படின் மேலிடம் வரை செல்லுதல் ஆகிய மூன்றும் அவ்வழியின் கூறுகளாகும். அன்று சுமார் 3000 பேரின் பிரதிநிதி செய்த கடமை, இன்று வாக்குரிமை பெற்ற ஒவ்வொரு குடிமகனுக்கும் உரியதாகும்.

பயிற்சி வினாக்கள்

1. 1915 இல் இராணுவச் சட்டத்தின் கீழ் நிகழ்ந்த அதிகாரத் துஷ்பிரயோகங்கள் மூன்றினைக் குறிப்பிடுக.
2. அவற்றுக்கு எதிராக இராமநாதன் மேற்கொண்ட நடவடிக்கைகளை விளக்குக.
3. இராமநாதனின் பணியில் நீர் ஏற்பது ஒன்றையும் ஏற்காதது ஒன்றையும் காரணத்துடன் எழுதுக.