பாணந்துறையில் வேதாகமத்தை விரித்த பிக்கு

1873 ஆகஸ்ட் 26ஆம் திகதி காலை எட்டு மணி. பாணந்துறையில் கிடுகு வேய்ந்த ஒரு தற்காலிக மண்டபத்தைச் சுற்றி ஐயாயிரம் பேரளவில் கூடியிருந்தார்கள். மண்டபத்தின் ஒரு பாதியில் புரட்டஸ்தாந்து போதகர்களும் உபதேசிமார்களும் இருந்தார்கள். மறுபாதியில் காவியுடை தரித்த பிக்குகள். ஒரு தரப்புக்கு ஒரு மணி நேரம், பின்னர் மறுதரப்புக்கு ஒரு மணி நேரம்; காலையிலும் பிற்பகலிலும் இதே ஒழுங்கு. ஒரு நாள் இடைவெளி விட்டு 28ஆம் திகதியும் வாதம் தொடர்ந்தது. அன்று வந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று அக்காலப் பத்திரிகைச் செய்திகள் சொல்கின்றன. பௌத்தத் தரப்பில் பேசியவர் ஒருவரே. அவர் கொட்டாஞ்சேனை தீபதுத்தமாராம விகாரையின் மொஹொட்டிவத்தே குணானந்த தேரர். அவருடைய பேச்சுக்கான சரக்கில் பாதி, எதிர்த்தரப்பின் வேதாகமத்திலிருந்தே எடுக்கப்பட்டது.

நான் சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட கரையில் வளர்ந்தவன். கோவில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் புத்தளம் மாவட்டத்தில், வேதப்புத்தகம் தன்னைத்தானே மறுக்கிறதா என்ற வாதம் புதிதல்ல. முன்பு துண்டுப்பிரசுரமாக வந்தது. இன்று கைபேசியில் பட்டியலாக வருகிறது. அதற்குப் பதில் பட்டியலும் வருகிறது. இந்த வாதத்தை இலங்கையில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடத்திய மனிதரைச் சிங்கள வாசகர்கள் நன்கு அறிவார்கள். தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. எழுதப்படும்போதும் பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடி என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அவர் என்ன கேட்டார், எதனால் கேட்டார், பின்னால் என்ன நடந்தது என்பவை எங்கள் கரைக்கும் வேண்டியவை.

குணானந்தர் 1823இல் பலப்பிட்டிக்கு அருகிலுள்ள மொஹொட்டிவத்தையில் பிறந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் பிறந்தது 1822 டிசம்பரில். இருவருக்கும் இடையே சில வாரங்களே வித்தியாசம். சிறுவயதில் ஊருக்கு அருகிலிருந்த கத்தோலிக்க ஆலயத்துக் குருவிடம் குணானந்தர் வேதாகமம் படித்ததாகவும், ஒரு கட்டத்தில் குருவாகவே விரும்பியதாகவும் சொல்லப்படுகிறது. பின்பு பிக்குகளின் தொடர்பால் துறவறம் பூண்டு, அமரபுர நிகாயத்தைச் சேர்ந்த பிக்குவானார்.

அவர் கொழும்புக்கு வந்தபோது கல்வி, அச்சகம், அரசாங்க உத்தியோகம் என எல்லாவற்றுக்குமான வழி பெரும்பாலும் மிசன் பாடசாலை வழியாகவே போனது. பௌத்த, சைவப் பிள்ளைகள் அங்கே படிக்க வேண்டுமானால் வேதாகமமும் சேர்த்தே படிக்க வேண்டும். பாளி கற்ற வெஸ்லியன் மிசனரி டானியல் கோகர்லி, பௌத்த நூல்களை ஆதாரமாகக் கொண்டே பௌத்தத்தைக் கண்டித்து, 1849இல் 'கிறிஸ்தியானி பிரக்ஞப்தி' என்ற சிங்கள நூலை வெளியிட்டார். பிக்குகளின் கைவசம் அப்போது ஓர் அச்சகம்கூட இல்லை.

1862இல் அந்த நிலைமை மாறியது. காலியில் ஒரு பௌத்த அச்சகமும், கொட்டாஞ்சேனையில் குணானந்தரின் முயற்சியால் இன்னொன்றும் இயங்கத் தொடங்கின. கோகர்லியின் நூலுக்கு அவர் எழுதிய மறுப்பு அதே ஆண்டில் வெளிவந்தது. பிரசங்க முறையையும் அவர் மாற்றினார். பிக்குகள் ஆசனத்தில் அமர்ந்து, விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு பணம் ஓதுவதே வழமை. குணானந்தர் எழுந்து நின்று, கைகளை வீசி, சபையைப் பார்த்து, அன்றாடச் சிங்களத்தில் பேசினார். அந்தப் பாணி மிசனரிமாரிடமிருந்து கற்றது. பத்தெகம, வராகொட, உதன்விட்ட, கம்பளை ஆகிய இடங்களில் நடந்த வாதங்களுக்குப் பிறகு ஐந்தாவதாக வந்ததே பாணந்துறை.

அதன் தொடக்கம் சிறியது. 1873 ஜூனில் பாணந்துறை வெஸ்லியன் தேவாலயத்தில், பௌத்தத்தின் ஆன்மா மறுப்பைக் கண்டித்து வண. டேவிட் டி சில்வா பிரசங்கம் செய்தார். ஒரு வாரத்தில் குணானந்தர் அதே ஊரில் பதிலளித்தார். நேருக்கு நேர் பேசித் தீர்ப்போம் என்று இரு தரப்பும் நிபந்தனைகளை எழுதி ஒப்புக்கொண்டன. டி சில்வா பாளி படித்தவர், கண்ணியமானவர். ஆன்மா இல்லையென்றால் ஒருவர் செய்த வினையை மறுபிறவியில் அனுபவிப்பது யார் என்று கேட்டார். கேள்வி வலுவானது. ஆனால் கூட்டத்தில் பெரும்பாலானோருக்குப் புரியாத பாளி மேற்கோள்களிலேயே அவருடைய நேரம் கழிந்தது.

குணானந்தரோ எல்லோருக்கும் விளங்கும் கதைகளைக் கையில் எடுத்தார். எல்லாம் அறிந்த கடவுள், மனிதனைப் படைத்ததற்காக ஆதியாகமத்தில் மனஸ்தாபப்பட்டது எப்படி? எகிப்தில் இஸ்ரவேலரின் வீடுகளை அடையாளம் காண, கதவு நிலைகளில் இரத்தம் பூசச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? சர்வவல்லவர் துணைநின்றும், இருப்பு ரதங்கள் இருந்ததால் சமவெளியில் இருந்தவர்களைத் துரத்த முடியாமற்போனதாக நியாயாதிபதிகள் புத்தகம் சொல்வது ஏன்? யெப்தா தன் மகளைப் பலியிட்டதை எப்படி விளங்கிக்கொள்வது? மோசேயை எகிப்துக்கு அனுப்பிய கடவுளே வழியில் அவரைக் கொல்லத் தேடியது எதனால்?

இந்தக் கேள்விகள் முழுக்க அவருடைய சொந்தச் சரக்கல்ல. 1862 தொடக்கம், நேற்றால் ஆயராக இருந்த ஜோன் கொலென்சோ, மோசேயின் ஐந்து புத்தகங்களிலுள்ள எண்களும் நிகழ்ச்சிகளும் பொருந்தாதவை என்று லண்டனில் நூல் வெளியிட்டு ஆங்கிலேயத் திருச்சபையைக் கலக்கிக்கொண்டிருந்தார். அத்தகைய எழுத்துகள் கப்பலேறி இலங்கைக்கும் வந்தன. ஐரோப்பாவில் கிறிஸ்தவர்களே தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியைக் குணானந்தர் பாணந்துறையில் சிங்களத்தில் கேட்டார்.

அவரது வாதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது மொழிபெயர்ப்பு பற்றியது. பத்துக் கட்டளைகளில் கடவுள் தம்மைப் பொறாமை கொள்பவராகச் சொல்லும் இடம் ஒன்றுண்டு. சிங்கள வேதாகமம் அங்கே 'ஜ்வலித' என்று போட்டிருந்தது. ஒளிர்கிற, சுடர்விடுகிற என்று அதற்குப் பொருள். பொறாமை என்ற சொல்லை மறைக்கவே இப்படி மாற்றினார்கள் என்பது குணானந்தரின் குற்றச்சாட்டு. தமிழில் அதே இடத்தில் 'எரிச்சலுள்ள' என்ற சொல் நிற்கிறது. எரி என்ற வேரில் நெருப்பும் இருக்கிறது, பொறாமையும் இருக்கிறது. மூல எபிரேயச் சொல்லும் பொறாமை, வைராக்கியம் என்ற இரண்டையும் சுமப்பது. தமிழில் தப்பிய இடத்தில் சிங்களத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு சொல்லைத் தேர்ந்ததற்கு, ஆயிரக்கணக்கானோர் முன் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நாவலரை மறுபடியும் இங்கே நினைக்க வேண்டும். பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்த அவருக்கு அந்த நூல் குணானந்தரைவிட நெருக்கமாகவே தெரியும். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வந்தபோது, அவர் பிடித்தது வேறு வழி. கோவில், தீபம், அபிஷேகம், நைவேத்தியம் ஆகியவற்றை நீங்கள் பழிக்கிறீர்கள். உங்கள் பழைய ஏற்பாட்டில் ஆசரிப்புக் கூடாரமும் விளக்கும் தூபமும் பலியும் இருக்கின்றனவே என்று கேட்டார். நாவலர் ஒற்றுமையைக் காட்டி எதிராளியின் வாயை அடைத்தார். குணானந்தர் முரணைக் காட்டி அடைத்தார். படைத்த கடவுளை ஏற்காத பௌத்தத்துக்கு ஒற்றுமை தேடும் தேவை இருக்கவில்லை.

முரண்பாட்டு வாதம் ஏன் அவ்வளவு கூர்மையாகப் பட்டது? புரட்டஸ்தாந்து மிசன்கள் தங்கள் நம்பிக்கையின் முழுப்பாரத்தையும் ஒரே புத்தகத்தின் மீது ஏற்றியிருந்தன. படங்களும் சிலைகளும் வேண்டாம், புத்தகம் போதும் என்றன. அப்படியானால் புத்தகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் வீடு முழுவதும் அதிர்கிறது. எங்கள் கரையின் கத்தோலிக்கர் வேறு மாதிரி வேதம் கேட்டவர்கள். டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இந்த மாவட்டத்தின் போலவத்தையைத் தளமாகக் கொண்டு தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். 1742இல் அங்கேயே இறந்தார். நான்கு சுவிசேஷங்களில் சிறுசிறு வேறுபாடுகளோடு இருக்கும் பாடுகளின் வரலாறு, அவருடைய 'வியாகுலப் பிரசங்க'த்தில் ஒரே அழுகையாக ஓடுகிறது. தவக்காலத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய் மத்தேயுவும் லூக்காவும் தரும் வம்ச வரலாறுகள் ஒத்துப்போகவில்லை என்றால் கோபம் வராது. அதனால் என்ன என்றுதான் கேட்பார்கள். ஒரே ஆளின் வாக்குமூலமாகப் பார்த்தால் முரண் குற்றமாகிறது. பல நூற்றாண்டுகளில் பலர் எழுதிய நூல்களின் தொகுதியாகப் பார்த்தால், அதே முரண் வெவ்வேறு காலத்துக் குரலாகிறது. பாணந்துறையில் இரு தரப்புமே முதல் பார்வையில்தான் நின்றன.

வாதம் முடிந்தபோது கூட்டம் சாது சாது என்று முழங்கியது. கல்லெறி இல்லை, கைகலப்பு இல்லை. வந்தவர்கள் வீடு திரும்பினார்கள். வேதாகமத்தில் முரண்பாடு உண்டா என்பதை அந்த இரண்டு நாட்கள் தீர்க்கவில்லை. ஆனால் அரசோடும் அச்சகத்தோடும் வந்த ஒரு மதத்தின் எதிரில் நின்று, சமமான நேரம் வாங்கிப் பேச முடியும் என்பதைப் பௌத்தர்கள் கண்டார்கள். அன்றைய கிராமத்து மனிதனுக்கு அதுவே பெரிய விடயம். வாதத்தின் ஆங்கில வடிவம் பத்திரிகையில் வந்து, அமெரிக்கரான ஜே. எம். பீபிள்ஸ் மூலம் நூலாகவும் வெளியானது. அதைப் படித்த கேணல் ஹென்றி ஒல்கொட், பிளவற்ஸ்கி அம்மையாரோடு 1880 மே 17ஆம் திகதி காலியில் வந்திறங்கினார். பௌத்தப் பாடசாலைகள் எழத் தொடங்கின.

குணானந்தரின் வாழ்வு இங்கே முடிந்திருந்தால் வெற்றிக்கதையாக இருந்திருக்கும். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தமாராமவில் நடந்த திருவிழாவுக்குப் பொரளைப் பக்கமிருந்து பௌத்தர்களின் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கரின் புனித லூசியாள் பேராலயமும் அருகிலேயே இருக்கிறது. கிறிஸ்தவச் சின்னங்களை இழிவுபடுத்தும் உருவங்களை ஊர்வலத்தில் கொண்டு வருகிறார்கள் என்று வதந்தி பரவியது. கத்தோலிக்கக் கும்பல் ஊர்வலத்தைத் தாக்கியது. ஓர் உயிர் போனது, பலர் காயமடைந்தார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த அநீதியை முறையிட ஒல்கொட் 1884இல் லண்டன் சென்றார். 1885இல் வெசாக் விடுமுறை நாளானது. கொட்டாஞ்சேனையில் குணானந்தரின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒரு மாணவன், கலவரத்துக்குப் பின் கிறிஸ்தவப் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டான். பின்னாளில் அவன் பெயர் அநகாரிக தர்மபால. சிறுபான்மையினர் மீது அவர் காட்டிய வெறுப்பின் விலையை இந்நாடு இன்னும் செலுத்துகிறது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றாக வைத்தே குணானந்தரை நான் படிக்கிறேன். பத்தாயிரம் பேர் முன்னிலையில் ஒரு வேதத்தைக் கடுமையாகக் கிழித்துப் பேசியபோது இரத்தம் சிந்தவில்லை. அங்கே நிபந்தனை இருந்தது, நேரம் இருந்தது, பதில் சொல்ல எதிராளி இருந்தார், புத்தகம் மேசையில் திறந்திருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு யாரும் சரிபார்க்காத ஒரு வதந்திக்கு உயிர் போனது. வாதம் நிதானமாக நடந்ததால் அதன் விளைவுகளும் நிதானமாக இருக்கும் என்றில்லை. குணானந்தரின் நையாண்டி மறுதரப்பின் மனத்தில் வடுவாகத் தங்கியிருக்கவும் கூடும். ஆனால் கலவரத்தை மூட்டிய பொறி வேதாகம வசனம் பற்றிய கேள்வியல்ல.

எங்கள் கரையில் இது பழைய கதையல்ல. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் மூன்று வாரங்கள் கழிந்து, மே 12ஆம் திகதி, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வர்த்தகர் ஆங்கிலத்தில் எழுதிய முகநூல் பதிவு மிரட்டலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அதன் பொருள் என்ன என்று ஆற அமர யாரும் கேட்கவில்லை. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, ஊரடங்கு வந்தது. மறுநாள் வன்முறை பரவியபோது, இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். பாணந்துறையில் ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு பற்றிக் கேள்வி எழுந்தபோது, அதைக் கேட்டவரும் பதில் சொல்ல வேண்டியவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சிலாபத்தில் அந்தக் கூரை இல்லை.

குணானந்தர் தம் கடைசி ஆண்டுகளில் ஒல்கொட்டோடும் முரண்பட்டார். சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். யாருக்கும் பின்னால் நடக்கத் தெரியாத மனிதர். 1890 செப்டெம்பர் 21ஆம் திகதி, 67ஆவது வயதில் காலமானார். இன்று அவரைச் சிலையாக வணங்குபவர்களிலும், அவருடைய கேள்விகளைக் கைபேசியில் அனுப்புபவர்களிலும், அவரைப் போல எதிராளியின் வேதத்தை முதற்பக்கத்திலிருந்து படித்தவர்கள் எத்தனை பேர்? முரண்பாட்டுப் பட்டியல் ஒன்று எனக்கு வரும்போதெல்லாம், அனுப்பியவரிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: அந்த அதிகாரத்தை முழுமையாகப் படித்தீர்களா, அந்த வேதத்தை நம்புகிற உங்கள் அயலவரிடம் அதைப் பற்றிக் கேட்டீர்களா?