மகாட் குளம் முதல் உச்ச நீதிமன்றம் வரை

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டம் தந்தவராக நாம் அறிவோம். அதற்கு முன்பு அவர் வழக்கறிஞர். தன் மக்களின் குடிதண்ணீருக்காகப் பத்தாண்டுகள் வழக்கு நடத்தியவர். நீதிமன்றம் என்றால் என்ன என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அவர் சட்டம் எழுத உட்கார்ந்தார்.

1891 ஏப்ரல் 14ஆம் தேதி பிறந்த அவர், லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1923இல் பம்பாய் திரும்பினார். தீண்டப்படாத வக்கீலிடம் வழக்குக் கொடுக்க வசதி படைத்தவர்கள் தயங்கினார்கள். ஏழைகளும் தொழிலாளர்களும் தேடி வந்தார்கள்.

அதே ஆண்டு, பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் நம் மக்கள் ஒருவரும் அருகே போக முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோருடன் சென்று அண்ணல் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆதிக்க சாதியினர் மாநாட்டுக்கு வந்தவர்களை அடித்தார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். டிசம்பரில் மீண்டும் குளத்தில் இறங்கப் போவதாக அண்ணல் அறிவித்ததும், குளம் தங்கள் சொத்து என்று வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார்கள்.

திரண்டு வந்த மக்கள் தடையை மீறத் தயாராக இருந்தார்கள். அண்ணல் அவர்களிடம் பேசி, போராட்டத்தைத் தள்ளிவைத்தார். ஊரோடும் அரசோடும் ஒரே நேரத்தில் மோதினால் அடிபடுவது நம் மக்கள்தான் என்பது அவர் கணக்கு. 1931இல் மகாட் நீதிமன்றத்திலும் 1933இல் தாணே நீதிமன்றத்திலும் நமக்கே வெற்றி. எதிர்த்தரப்பு விடவில்லை. கடைசியில் 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. காலங்காலமான வழக்கம் என்று அவர்கள் சொன்னதற்குச் சான்று இல்லை என்றது.

நீதி கிடைத்தது, தாமதமாகக் கிடைத்தது. அண்ணல் இரண்டையும் மறக்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையில், அடிப்படை உரிமை பறிபோனால் யாரும் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம் என்னும் 32ஆவது பிரிவைச் சட்டத்தின் உயிராகக் கருதினார். நிர்வாகத்திடமிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்ற திருத்தத்தையும் அவரே கொண்டுவந்தார். கலெக்டரே வழக்கையும் விசாரித்தால் ஏழை யாரிடம் போவான்?

நீதிபதிகளை யார் நியமிப்பது என்ற கேள்வி 1949 மே மாதம் வந்தது. அரசின் கையில் மட்டும் விட அவர் சம்மதிக்கவில்லை. தலைமை நீதிபதியின் ஒப்புதல் கட்டாயம் என்பதையும் ஏற்கவில்லை. அவரும் குறைநிறை உள்ள மனிதர்தானே என்றார். எனவே கலந்தாலோசனை என்ற நடுவழி வைத்தார்கள். தவறு நிரூபிக்கப்பட்டால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நீதிபதியை நீக்கலாம். அரசு நினைத்தபடி நீக்க முடியாது. சுதந்திரமும் வேண்டும், பொறுப்பும் வேண்டும் என்பதே இந்த ஏற்பாடு.

1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். 1993 தீர்ப்புக்குப் பிறகு, நியமனத்தில் மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியத்தின் சொல்லே ஓங்கியது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1950இல் தொடங்கிய உச்ச நீதிமன்றத்துக்கு முதல் தலித் நீதிபதியாகத் தமிழ்நாட்டின் ஏ.வரதராஜன் போய்ச் சேர 1980 ஆனது. அந்த நாற்காலியில் யார் அமர்கிறார், யார் அமர்த்துகிறார் என்று கேட்பது நீதிமன்றத்தை அவமதிப்பது ஆகாது. அண்ணல் கேட்ட கேள்விதான் அது. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.