செங்கோர்: கைதி முகாமிலிருந்து பிரெஞ்சுமொழி நாடுகளின் அமைப்பு வரை

கொட்டியாரக்குடாவுக்குப் பிரெஞ்சுக்காரர் புதியவர்கள் அல்லர். 1672 இல் டி லா ஹேயின் கப்பற்படை இங்கு நங்கூரமிட்டது. 1782 இல் சுஃப்ரான் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார். இரண்டுமே நிலைக்கவில்லை. கட்டைபறிச்சான் வீடுகளுக்குள் பிரெஞ்சுமொழி வந்தது அந்தக் கப்பல்களால் அல்ல, எங்கள் போரால். பாரிஸுக்கும் மொன்றியலுக்கும் போனவர்களின் பிள்ளைகள் தொலைபேசியில் பேசும்போது இடையிடையே அந்த மொழிதான் வந்து விழுகிறது.

அம்மொழி பேசும் நாடுகளை ஓர் அமைப்பாகச் சேர்க்க முன்னின்றவர்களில் ஒருவர் போர்க்கைதியாக இருந்த ஆபிரிக்கர். பெயர் லெயோப்போல் செங்கோர்.

1906 இல் செனகலின் கரையோர ஊரான ஜோவாலில், செரேர் இனத்தில் பிறந்தார். தகப்பன் கடலை வியாபாரி. 1928 இல் பாரிஸுக்குப் படிக்கப் போனார். பிரெஞ்சு இலக்கண ஆசிரியருக்கான மிகக் கடினமான தேர்வில் 1935 இல் சித்தியெய்தினார். ஆபிரிக்கர் ஒருவர் அதில் தேறியது அதுவே முதல்தடவை. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே பிரெஞ்சு கற்பித்தார். அதே காலத்தில் மார்த்தினிக் தீவின் எமே செசேருடன் சேர்ந்து, கறுப்பினத்தவர் தம் பண்பாட்டை எண்ணித் தலைநிமிர வேண்டும் என்ற நெக்ரிடியூட் இயக்கத்தையும் வளர்த்தார்.

1940 யூனில் ஜேர்மனியப் படையிடம் பிடிபட்டார். கறுப்பு வீரர்களைச் சுடுவதற்கு வரிசையில் நிறுத்தினார்கள் என்றும், கடைசி நேரத்தில் தப்பினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. முகாம்களில் ஏறத்தாழ இரண்டு வருடம். அங்கேயே கவிதை எழுதினார். நோயுற்றதால் 1942 இல் விடுவிக்கப்பட்டார்.

அவரைப்போலக் கைதிகளாக இருந்த ஆபிரிக்க வீரர்கள் 1944 இல் ஊர் திரும்பி, டக்காருக்கு அருகே தியாரோயே முகாமில் நிலுவைச் சம்பளத்தைக் கேட்டார்கள். டிசம்பர் 1 அன்று பிரெஞ்சு இராணுவம் அவர்களைச் சுட்டது. இராணுவக் கணக்கு 35 என்றும், பிறகு 70 என்றும் வந்தது. ஆய்வாளர் சிலர் நூற்றுக்கணக்கில் சொல்கிறார்கள். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி ஒப்புக்கொள்ள 2024 வரை, சரியாக 80 வருடங்கள் சென்றன. செங்கோர் இறந்தவர்களுக்காகக் கவிதை எழுதினார். ஆனால் ஜனாதிபதியான பின்னர் இதைப் பிரான்ஸிடம் வற்புறுத்திக் கேட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

1960 இல் செனகல் விடுதலை பெற்றது, அவர் முதல் ஜனாதிபதியானார். ஆண்டவனின் மொழியை ஏன் தூக்கி எறியவில்லை என்று பலர் கேட்டனர். ஆபிரிக்கரும் அரபிகளும் கம்போடியரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள அது உதவும் என்பது அவர் கணக்கு. துனிசியாவின் பூர்கிபா, நைஜரின் டியோரி, கம்போடியாவின் சிஹானூக் ஆகியோரும் உடன் நின்றார்கள். 1970 மார்ச் 20 அன்று நைஜரின் நியாமேயில் 21 நாடுகள் கையொப்பமிட்டன. யோசனை முன்னாள் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தது. பிரான்ஸ் தயங்கித் தயங்கித்தான் கூட வந்தது. நாட்டுத் தலைவர்களின் முதல் உச்சிமாநாடு கூட 1986 இல்தான் நடந்தது.

தமிழையும் அவர் தேடி வந்தார். 1974 இல் சென்னையில் உரையாற்றி, திராவிடரையும் ஆபிரிக்கரையும் ஒப்பிட்டார். டக்கார் பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வுக்கு இடம் கொடுத்தார், தமிழறிஞர் க.ப. அறவாணன் அங்கு பணியாற்றினார். அந்த ஒப்பீடு முழுவதையும் இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனாலும் ஒரு நாட்டின் ஜனாதிபதி எங்கள் மொழியை இவ்வளவு அக்கறையோடு பார்த்தது அடிக்கடி நடப்பதல்ல.

மறுபக்கமும் உண்டு. பிரதமர் மமாது டியா 1962 இல் கைதாகிப் பன்னிரண்டு வருடம் சிறையிருந்தார். செம்பேனின் 'செடோ' படம், தலைப்பில் ஓர் எழுத்து கூடியது என்ற காரணம் சொல்லித் தடுக்கப்பட்டது. இலக்கண ஆசிரியர் ஆட்சிக்கு வந்தால் இப்படியும் நடக்கும் போலும்.

1980 இன் கடைசி நாளில் தானாகவே பதவி விலகினார். 1983 இல் பிரெஞ்சு அக்கடமி அவரை உறுப்பினராகத் தெரிவுசெய்தது. ஆபிரிக்கரில் அவரே முதல்வர். 2001 டிசம்பர் 20 அன்று நோர்மண்டியில் காலமானார். உடல் டக்காருக்குக் கொண்டுவரப்பட்டது. இறுதிச்சடங்குக்குப் பிரெஞ்சு ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை.