குளிர்நாட்டுக்குப் பனை தந்தவர்

பனை என்றதும் நம் கண்முன் தோன்றுவது கொளுத்தும் வெயிலும் வறண்ட மண்ணும்தான். பனி உறையும் இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களில் பனை நிற்கிறது என்றால் நம்ப முடிகிறதா? பனைக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மரத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயர் டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி. அப்பெயரில் இன்றும் வாழும் இராபர்ட் ஃபார்ச்சூனைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அவர் 1812இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். தந்தை பண்ணையில் வேலி கட்டும் தொழிலாளி. ஊர்ப் பள்ளியோடு படிப்பு நின்றது. தோட்ட வேலை பழகி, எடின்பரோ தாவரவியல் தோட்டத்திலும், பின்னர் இலண்டனை அடுத்த சிஸ்விக் தோட்டத்திலும் பணியாற்றினார். பட்டம் ஏதும் பெறாத அவரைத் தோட்டக்கலைக் கழகம் 1843இல், ஆண்டுக்கு 100 பவுன் ஊதியத்தில் செடிகள் திரட்டச் சீனத்துக்கு அனுப்பியது.

சீனத்தின் சூசன் தீவில் அவர் அந்தப் பனையைக் கண்டார். அதன் தண்டைப் பழுப்பு நார் கம்பளிபோல் போர்த்தியிருந்தது. உழவர்கள் அந்நாரை உரித்துக் கயிறு திரித்தனர், மழையாடை செய்தனர். குளிர்காலத்தையும் அம்மரம் தாங்குவதை அறிந்த ஃபார்ச்சூன், 1849இல் அதன் கன்றுகளை இலண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றை வைட் தீவின் ஆஸ்பர்ன் அரண்மனைத் தோட்டத்துக்குச் சேர்ப்பிக்கவும் வேண்டினார். ஜப்பானிலிருந்து சீபோல்ட் என்பார் முன்னரே விதை அனுப்பியிருந்தார். எனினும் அம்மரத்தின் பெயரில் நிலைத்தவர் ஃபார்ச்சூனே.

பனைக்குக் கிளையில்லை, உச்சியில் ஒரே குருத்துதான். அது அழுகினால் மரமே மடியும். வேரூன்றிய மரம் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கும். ஆனால் குருத்தில் தேங்கும் நீர் உறைவதே ஆபத்து. ஆகவே கடுங்குளிர் நாடுகளில் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டுகிறார்கள். குருத்தைச் சுற்றி உலர்ந்த வைக்கோல் வைத்து, மழை இறங்காமல் மூடுகிறார்கள். வேரடியில் சருகு பரப்புகிறார்கள். குளிர் தணிந்ததும் கட்டை அவிழ்த்துக் காற்றாட விடுகிறார்கள். இளங்கன்றுகளுக்கே இக்காவல் பெரிதும் வேண்டும்.

ஃபார்ச்சூனின் வாழ்வில் மறுபக்கமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1848 முதல் மாறுவேடம் பூண்டு சீனத்தின் உட்பகுதிகளில் திரிந்து, தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும் திரட்டி இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார். சீனர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில்நுட்பம் அவர்கள் இசைவின்றியே கைமாறியது. 1880இல் அவர் இலண்டனில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! வேலி கட்டுபவரின் மகன் உழைப்பால் உயர்ந்ததை நான் போற்றுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால் அவ்வுயர்வின் அருமை எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. மரத்துக்கு ஃபார்ச்சூனின் பெயர் கிடைத்தது. நாருரித்து அதைப் பேணிய சூசன் உழவரின் பெயர் எங்கே? என் தந்தை பனையேறி. குருத்தைப் பார்த்தே மரத்தின் நலம் சொல்வார். அவர் அறிவும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அந்த அறிவைக் கேட்டு, சோதித்து, சொன்னவர் பெயரோடு எழுதி வைக்கும் கடமை அவர்கள் வியர்வையில் படிக்கும் நமக்கே உரியது. அறிவியல் பயில்வோர் இவ்விடுமுறையிலேயே அதைத் தொடங்கலாமே!