சோளக் கொல்லையில் கண்ட உண்மை

அதிகம் படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற கவலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்த பார்பரா மக்ளின்டாக்கின் அன்னைக்கும் அக்கவலை இருந்தது. ஆயினும் தந்தையாரின் ஆதரவால் 1919இல் கார்னெல் பல்கலைக் கழக வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். 1927இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ந்தது மக்காச்சோளம். தாமே விதைத்து வளர்த்த செடிகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் நோக்கினார். குரோமோசோம் என்பது மரபுச் செய்திகளைத் தாங்கும் இழை. அந்த இழை அறுந்தால் என்னவாகும்? அறுந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உயிரணு பிரியும்போது மீண்டும் அறும். ஆனால் விதைக்குள் வளரும் இளங்கருவில் அறுந்த முனை ஆறிவிடுகிறது என்பதை 1941ஆம் ஆண்டளவில் அம்மையார் கண்டறிந்தார்.

அந்த ஆராய்ச்சியே மற்றொரு புதுமைக்கு வழிகாட்டியது. சோள மணிகளில் காணும் நிறப் புள்ளிகளுக்குக் காரணம், சில மரபுக்கூறுகள் இடம்விட்டு இடம் தாவுவதே என்று கண்டார். 1951இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் அறிஞர் பலர் முன்னிலையில் இதனை விளக்கினார். கேட்டோரில் பெரும்பாலோர்க்கு அது விளங்கவில்லை, சிலர் நம்பவுமில்லை. சில ஆண்டுகளில் அதுபற்றி விரிவாக எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை.

பின்னர் பாக்டீரியாக்களிலும் தாவும் மரபுக்கூறுகள் இருப்பதைப் பிறர் கண்டபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1983இல், தம் 81ஆம் வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசை எவருடனும் பகிராது தனியே பெற்றார். 1992இல் மறைந்தார்.

குரோமோசோமின் முனை எவ்வாறு காக்கப்படுகிறது? எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர் என்னும் இரு பெண்மணிகள் 1984இல் அதற்கு விடை கண்டனர். முனையை நீட்டிக் கட்டும் நொதி ஒன்று உண்டு. அதனுள் ஓர் ஆர்.என்.ஏ. இருக்கிறது. அது புரதம் செய்யும் கட்டளையைத் தருவதன்று. கட்டுமானத்துக்கு அச்சாக உதவுவது. இக்கண்டுபிடிப்புக்காக 2009இல் இருவரும் ஜாக் சோஸ்டாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதைப் போலவே புரதம் செய்யாத வேறு சில சிறிய ஆர்.என்.ஏ.க்கள், தாவும் கூறுகள் கட்டுமீறி மரபிழையைச் சிதைக்காதவாறு அடக்கி வைக்கின்றன என்பதையும் இன்று அறிகிறோம். அம்மையார் எழுப்பிய வினாக்களே இத்துணை தூரம் நம்மை அழைத்து வந்துள்ளன.

தோழியரே, நாம் கண்டது உண்மையென்று தெரிந்தும் பிறர் ஏற்காத நாட்கள் நமக்கும் வரலாம். அப்போது சினந்து ஒதுங்காமல், மீண்டும் சரிபார்த்து, நம் பணியைத் தொடர்வோம். கைதட்டல் கிடைக்காத ஆண்டுகளிலும் அம்மையார் சோளம் விதைக்கத் தவறவில்லை.