பெர்லின் 1936: ஹாக்கி மந்திரவாதியின் அணி தூங்காத அந்த இரவு! தயான் சந்த் பிரஷரைச் சமாளித்தது எப்படி?

ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். ஹாக்கி ஜாம்பவான் மேஜர் தயான் சந்த் பிறந்த நாள். அன்றைக்கு உங்கள் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் வழக்கமான கதைகள் வரிசையாக வந்து விழும். ஸ்டிக்கில் காந்தம் ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று உடைத்துப் பார்த்தார்களாம். ஹிட்லரே கூப்பிட்டு ஜெர்மன் ராணுவத்தில் பதவி தருகிறேன் என்றாராம்.

படிக்க சுவாரஸ்யம்தான். ஆனா, இந்தக் கதைகள் எல்லாமே அவர் பிறவியிலேயே மேஜிக்கோடு வந்தவர், எல்லாம் அவருக்கு ஈஸியா நடந்தது என்றே சொல்கின்றன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நடந்ததைப் பார்த்தால் வேறொரு தயான் சந்த் தெரிகிறார். தோற்றுப்போய், சாப்பாடு இறங்காமல், அடுத்து என்ன செய்வது என்று யோசித்த ஒரு 30 வயது கேப்டன். அந்த ஒரு மாதத்தில் என்ன நடந்தது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த தயான் சந்த்?

1905-ல் அலகாபாத்தில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தவர். அடிக்கடி டிரான்ஸ்ஃபர் என்பதால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. குடும்பம் கடைசியில் ஜான்சியில் குடியேறியது. 1922-ல் தயான் சந்தும் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார். ஹாக்கியை அவர் சீரியஸாகக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பகல் முழுக்க டியூட்டி. அது முடிந்த பிறகுதான் ஸ்டிக்கைத் தொட முடியும். நிலா வெளிச்சத்தில் பயிற்சி செய்ததால்தான் பெயரோடு சந்த் ஒட்டிக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. சந்த் என்றால் நிலா. கதை இருக்கட்டும், அவ்வளவு பயிற்சி செய்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நம்ம நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதஸ்வரம் கேட்கிறவர்களுக்குக் கச்சேரி மட்டும்தானே காதில் விழும்? அதற்குப் பின்னால் இருக்கும் வருஷக்கணக்கான சாதகம் யாருக்குத் தெரியும்? அதே மாதிரிதான் இதுவும்.

1926-ல் இந்திய ராணுவ அணி நியூசிலாந்து போனது. 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. அணி அடித்த 192 கோல்களில் 100-க்கும் மேல் தயான் சந்த் அடித்தவை. திரும்பி வந்ததும் லான்ஸ் நாயக்காக பதவி உயர்வு கிடைத்தது.

பெர்லினுக்கு முன் எதிர்பார்ப்பு எவ்வளவு?

நம்பர்களைப் பார்த்தாலே புரியும்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்: 5 ஆட்டம், 29 கோல். எதிரணிகளால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. 29-ல் 14 தயான் சந்துடையது.

1932 லாஸ் ஏஞ்சல்ஸ்: ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1 என்று இந்தியா அடித்தது. அந்த 24-ல் தம்பி ரூப் சிங் 10, அண்ணன் தயான் சந்த் 8.

ஆக, இரண்டு ஒலிம்பிக்கிலும் சேர்த்து 7 ஆட்டம், 64 கோல். வாங்கியது வெறும் 2. அடுத்து 1935 நியூசிலாந்து, ஆஸ்திரேலியா டூரில் தயான் சந்த் மட்டும் 201 கோல் அடித்தார்.

இந்த ரெக்கார்டோடு, முதல்முறையாக ஒலிம்பிக்கில் கேப்டனாகப் போகிறார். யோசிச்சுப் பாருங்க. ஜெயித்தால், அதுதான் எல்லாருக்கும் தெரியுமே என்பார்கள். தோற்றால் மொத்தப் பழியும் கேப்டன் தலையில். இந்த மாதிரி பிரஷரில் ஜெயிப்பதற்குப் பெரிதாகப் பாராட்டு கிடைக்காது, தோற்பதற்கு மன்னிப்பும் கிடைக்காது.

அணியும் பழைய அணி இல்லை. 1932-ல் ஆடிய பலர் இதில் இல்லை. நம்ம ஊர் வீரர் ஒருவரும் இந்த அணிக்குப் போயிருக்க வேண்டியவர். மெட்ராஸின் எம்.ஜே.கோபாலன், ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் கில்லாடி. பெர்லின் ஹாக்கியா, அதே வருஷம் இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்டில்கூட ஆட வாய்ப்பு கிடைக்கவில்லை. ஹாக்கி டீமோ தங்கத்தோடு திரும்பியது.

ஆரம்பமே சறுக்கல்!

ஜூன் 16, 1936. ஒலிம்பிக்கிற்குக் கிளம்பும் அணி டெல்லியில் ஒன்றுகூடி, உள்ளூர் டெல்லி லெவனோடு ஒரு ஆட்டம் ஆடியது. ரிசல்ட்? 4-1. தோற்றது ஒலிம்பிக் அணி!

ஜூன் 27-ல் கப்பல் ஏறினார்கள். ஜூலை 10-ல் பிரான்ஸின் மார்சே துறைமுகம். அங்கிருந்து ரயிலில் மூன்றாம் வகுப்பு பயணம். பெர்லின் போய்ச் சேர்ந்தது ஜூலை 13. இரண்டு முறை உலக சாம்பியனான அணிக்கு இதுதான் டிராவல் பிளான்.

நாலு நாள் கழித்து, ஜூலை 17-ல் ஜெர்மனியோடு பயிற்சி ஆட்டம். மறுபடியும் 4-1 தோல்வி.

இரண்டு ஒலிம்பிக்கில் மொத்தமாக 2 கோல் வாங்கிய நாடு, ஒரே பயிற்சி ஆட்டத்தில் 4 வாங்கியது. பயணக் களைப்பு ஒரு காரணம்தான். ஆனா, இந்தியாவிடம் தோற்றவர்கள் எட்டு வருஷமாக இந்தியா எப்படி ஆடுகிறது என்று கவனித்துக் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

தயான் சந்த் எழுதிய கோல் என்ற சுயசரிதை 1952-ல் நம்ம மெட்ராஸில் இருந்துதான் வெளியானது. உயிர் இருக்கும்வரை மறக்க முடியாத அடி என்றே இந்தத் தோல்வியை அதில் பதிவு செய்திருக்கிறார். ஒலிம்பிக் வில்லேஜுக்குத் திரும்பிய பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அன்று இரவு பலருக்குத் தூக்கமும் வரவில்லை. மந்திரவாதி என்று உலகம் கொண்டாடிய ஆள், தன் பயத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அடுத்து என்ன செய்தார்கள்?

இது வெறும் பயிற்சி ஆட்டம்தானே, மெயின் மேட்சில் பார்த்துக்கலாம் என்று விட்டிருக்கலாம். ரெக்கார்டு அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனா அப்படி விடவில்லை. ஃபார்வர்டு வரிசையில் ஓட்டை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, வெளியிலிருந்து உதவி கேட்டார்கள்.

உதவி மேனேஜர் பங்கஜ் குப்தா மூலம் இந்திய ஹாக்கி சம்மேளனத்துக்குத் தகவல் போனது. ராணுவ அதிகாரி அலி தாராவை உடனே அனுப்புங்கள் என்பதுதான் செய்தி. தாரா வழக்கமாக ஆடும் இடம் இன்சைட் ரைட், அதாவது சென்டர் ஃபார்வர்டான தயான் சந்துக்குப் பக்கத்து இடம். பக்கத்தில் சரியான ஆள் இல்லாவிட்டால் தயான் சந்தைச் சுற்றி மூன்று பேர் நின்று மடக்கிவிடலாம். பாஸ் கொடுக்கவும் வாங்கவும் ஆள் இருந்தால்தான் அவருடைய ஆட்டமே நடக்கும். உலகத்தின் நம்பர் ஒன் ஆட்டக்காரர், நான் மட்டும் போதாது என்று ஒப்புக்கொண்ட தருணம் அது.

தாரா விமானத்தில் கிளம்பி வந்து சேர்வதற்குள் போட்டி தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 5-ல் ஹங்கேரியை 4-0 என இந்தியா வென்றது. பிறகு அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0. அரையிறுதிக்குத் தாரா ரெடி. பிரான்ஸ் 10-0 என்று சுருண்டது. இன்னொரு பக்கம், அதே ஜெர்மனி இறுதிப்போட்டிக்கு வந்து நின்றது.

ஆகஸ்ட் 15: இறுதிப்போட்டியில் என்ன நடந்தது?

ஃபைனல் ஆகஸ்ட் 14-ல் நடந்திருக்க வேண்டியது. கனமழை பெய்ததால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. பயம் பிடித்திருக்கும்போது ஒரு நாள் கூடுதலாகக் காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்பது ஆபீஸில் அப்ரைசலுக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆட்டத்துக்கு முன் டிரெஸ்ஸிங் ரூமில் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஜூலை 17 எல்லார் மண்டையிலும் ஓடியது. அப்போது பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா அதிகாரப்பூர்வமாக ஆடியது பிரிட்டிஷ் இந்தியக் கொடியின் கீழ். தயான் சந்தோ பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சிப்பாய். இருந்தாலும், வீரர்கள் அந்த மூவர்ணத்துக்கு சல்யூட் அடித்துவிட்டு கிரவுண்டில் இறங்கினார்கள்.

இறங்கியதும் மேஜிக் நடந்ததா? இல்லை. ஈரமான தரை, ஜெர்மனியின் கெட்டியான டிஃபென்ஸ். அரை மணி நேரம் கோலே இல்லை. 32-வது நிமிடத்தில்தான் ரூப் சிங் முதல் கோல் அடித்தார். இடைவேளையில் ஸ்கோர் வெறும் 1-0.

இரண்டாம் பாதியில் தயான் சந்த் ஒரு சின்ன மாற்றம் செய்தார். ஆணி வைத்த ஷூவையும் ஸ்டாக்கிங்ஸையும் கழற்றிவிட்டு ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூவுக்கு மாறினார் என்று அன்றைய செய்திகள் சொல்கின்றன. வெறுங்காலோடு ஆடினார் என்று பிறகு பரவிய கதைக்கு அடிப்படை இதுதான். எப்படியோ, தரைக்கு ஏற்ற மாதிரி மாறினார், வேகம் கூடியது. கோல்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன.

ஜெர்மன் கோல்கீப்பரோடு மோதியதில் அவருக்குப் பல் போனது. முதலுதவி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து ஆடினார். வந்ததும் ஒரு வேலை செய்தார். பந்தை ஜெர்மனியின் சர்க்கிள் வரை கொண்டுபோய், கோல் அடிக்காமல் பின்னால் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். பந்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று காட்டுவதற்காக!

இறுதி ஸ்கோர் 8-1. தாராவும் கோல் அடித்தார். தயான் சந்த் அடித்தது 3 என்கிறது அதிகாரப்பூர்வக் கணக்கு. 6 என்று சொல்பவர்களும் உண்டு. மொத்த ஒலிம்பிக்கிலும் இந்தியா அடித்தது 38 கோல், வாங்கியது இந்த ஒன்றே ஒன்று.

அப்போ ஹிட்லர் கதை?

ஜெர்மன் ராணுவத்தில் பெரிய பதவி தருவதாக ஹிட்லர் சொன்னார், தயான் சந்த் மறுத்தார் என்ற கதையை எல்லாரும் கேட்டிருப்போம். அதற்கு உறுதியான ஆவணம் எதுவும் இல்லை. கேட்கப் பெருமையாக இருக்கும்தான். ஆனா 4-1 தோல்விக்குப் பிறகு 8-1 ஜெயித்த நிஜக் கதையை இந்தக் கதை மறைத்துவிட்டது என்பதுதான் வருத்தம்.

பெர்லினுக்குப் பிறகு...

இரண்டாம் உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் இரண்டும் ரத்து. தயான் சந்தின் ஒலிம்பிக் கணக்கு மூன்று தங்கத்தோடு முடிந்தது. பெர்லினில் அவசரமாக அழைக்கப்பட்ட அலி தாரா, 1948 ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணியின் கேப்டன் ஆனார்.

தயான் சந்த் 1956-ல் ராணுவத்தில் ஓய்வு பெற்றார். அதே வருஷம் பத்மபூஷண் கிடைத்தது. பாட்டியாலாவில் கோச்சாக வேலை பார்த்தார். மகன் அசோக் குமார் 1975 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்ததைப் பார்த்தார். அடுத்த வருஷமே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியா 7-வது இடத்துக்குச் சரிந்ததையும் பார்த்தார்.

கடைசிக் காலத்தில் பணக் கஷ்டம். கல்லீரல் புற்றுநோயோடு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில் சேர்க்கப்பட்டார். 1979 டிசம்பர் 3-ல் காலமானார். அதற்கு அடுத்த வருஷம்தான், தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா மாஸ்கோவில் தங்கம் வென்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கேல் ரத்னா விருதுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது 2021 ஆகஸ்ட் 6-ல். அதற்கு முந்தைய நாள்தான் 41 வருஷத்துக்குப் பிறகு இந்திய ஹாக்கி அணி டோக்கியோவில் ஒலிம்பிக் பதக்கம் வென்றது. எதிரணி ஜெர்மனி. அந்த ஆட்டத்திலும் இந்தியா 1-3 என்று பின்தங்கியிருந்து, 5-4 என்று வென்றது.

நமக்கு என்ன இருக்கு இதில்?

பெரிய பிரசன்டேஷன், இன்டர்வியூ, டார்கெட் என்று பிரஷரில் இருக்கும்போது பயப்படுவது பலவீனம் என்று நினைக்கிறோம். உலகத்தின் பெஸ்ட் பிளேயரே பயந்தார். பயந்த பிறகு மூன்று சாதாரண விஷயங்கள் நடந்தன. பிரச்சனை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். சரியான ஆளை உதவிக்குக் கூப்பிட்டார்கள். ஆட்டத்தின் நடுவே தரைக்கு ஏற்றபடி ஷூவை மாற்றிக்கொண்டார். இதில் எதற்கும் மேஜிக் தேவைப்படவில்லை.

அடுத்த ஆகஸ்ட் 29-ல் காந்தம் ஒளித்த ஸ்டிக் கதை உங்கள் குரூப்பில் வந்தால், ஜூலை 17 கதையையும் சேர்த்துச் சொல்லுங்க.